முதியோர் குடியிருப்புக் கட்டணங்கள்: கேட்டதையெல்லாம் கட்ட வேண்டுமா?

இங்கிலாந்தில் முதியோர் குடியிருப்புகளில் நீண்டகாலக் குத்தகையில் வீடு வாங்கியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கேட்டவை.

கேள்வி: அம்மாவுக்கு வயது 81. கூரை வேலைக்கென்று குடியிருப்பு நிர்வாகத்தார் திடீரென 1,900 பவுண்டு கேட்கிறார்கள். முன்பு யாரும் எதுவும் சொல்லவில்லை. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலை என்றால், 1985ஆம் ஆண்டு நில உரிமையாளர்–குத்தகைதாரர் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துக் கருத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலும், தீர்ப்பாயத்திடம் விலக்குப் பெறாமலும் இருந்தால் 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது. ஆனால் முதலில் அம்மாவின் பழைய தபால்களைத் தேடிப் பாருங்கள். அந்த நோட்டீஸை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவைத்திருக்கலாம். பணம் கேட்கும் கடிதத்துடன் குத்தகைதாரரின் உரிமைகள் பற்றிய குறிப்பும் வர வேண்டும். வரவில்லையென்றால், வரும்வரை பணத்தை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: மேலாளர் தங்கும் வீட்டின் வாடகையும் எங்கள் சேவைக் கட்டணத்தில் (கட்டடப் பராமரிப்புக்கும் நிர்வாகத்துக்கும் கட்டும் பங்கில்) சேர்ந்திருக்கிறது. நான் கட்டியும்விட்டேன்.

பதில்: கட்டியதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது, ஐயா. குத்தகைப் பத்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் தொகை நியாயமாக இருந்தாக வேண்டும். கணக்குச் சுருக்கத்தை எழுதிக் கேளுங்கள். அது கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் ரசீதுகளைப் பார்க்கக் கேட்கலாம். தீராவிட்டால் இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20சி பிரிவின் கீழும் ஓர் உத்தரவு கேட்க மறக்காதீர்கள். இல்லையேல், அவர்களுடைய வழக்குச் செலவே அடுத்த ஆண்டு உங்கள் சேவைக் கட்டணத்தில் வந்து நிற்கலாம்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். வீட்டை விற்றால் விலையில் ஒரு பங்கு வேண்டும் என்கிறார்கள்.

பதில்: துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் இப்படிக் கேட்பது எனக்கு ஆறவே இல்லை. இத்தகைய கட்டணத்தை வாங்குபவரிடம் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்ட ஆணையம் 2017இல் பரிந்துரைத்தது, பரிந்துரை சட்டமல்ல. ஆகவே பத்திரத்தின் வாசகம்தான் முக்கியம். எதிலும் கையெழுத்திடும் முன் பத்திரத்தைக் குத்தகை ஆலோசனைச் சேவையில் (LEASE) காட்டுங்கள், இலவசம்.

கேள்வி: நில உரிமையாளருக்குக் கட்டும் நில வாடகை ஒழிந்துவிட்டதாமே?

பதில்: முதியோர் குடியிருப்புகளில் 2023 ஏப்ரல் 1 முதல் எழுதப்படும் புதிய குத்தகைகளுக்கு மட்டும். பழையவற்றுக்கு இல்லை.

கேள்வி: நிர்வாக நிறுவனத்தையே மாற்ற முடியுமா? அக்கம்பக்கத்தார் பயப்படுகிறார்கள்.

பதில்: பெரும்பாலான கட்டடங்களில் முடியும். 2002ஆம் ஆண்டுக் குத்தகைச் சீர்திருத்தச் சட்டப்படி, குறைந்தது பாதி வீட்டார் சேர்ந்தால் நிர்வாகத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். யார் மீதும் குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு மாலை, பொது அறை மேசையில் மூன்று ஆண்டுக் கணக்குகளைப் பரப்பிவைத்து அவர்களை அழையுங்கள்.