ஓய்வு பெற்றவரின் நாற்காலி

வணக்கம் சார்,

மும்பையை அடுத்த டோம்பிவலியிலிருந்து எழுதுகிறேன். வயது 27. பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரிலிம்ஸ் தேறிவிடுகிறேன், மெயின்ஸில் போய்விடுகிறது. பொதுப்பிரிவு என்பதால் கிளார்க் தேர்வுக்கு எனக்கு 28 வயதோடு கதவு மூடிவிடும். அப்பா ஒரு அரசு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுந்த நாற்காலிக்கு இன்றுவரை யாரையும் போடவில்லை. எதிர்வீட்டு மாமாவோ ரிட்டயர் ஆன கொஞ்ச நாளிலேயே அதே அலுவலகத்தில் கன்சல்டன்டாகப் போய் உட்கார்ந்துவிட்டார். பென்ஷனும் வருகிறது, சம்பளமும் வருகிறது. பெரியவர்கள் வழிவிட்டால்தானே எங்களுக்கு இடம் கிடைக்கும்? உலகிலேயே இளைஞர்கள் அதிகம் உள்ள நாடு என்கிறார்கள். அந்த இளைஞர்களுக்கு வேலை எங்கே?

நண்பன் ஒருவன் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போவதற்காக அந்த மொழி படிக்கிறான். என்னையும் கூப்பிடுகிறான். வீட்டில் சொன்னேன். “பி.காம். படிச்சிட்டு ஊரான் வீட்டுக் கிழவனுக்கு மலம் அள்ளப் போறியா?” என்று அம்மா அழுதுவிட்டார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பாவின் நாற்காலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. அப்போது நாடு முழுவதும் வங்கிக் கிளைகள் எட்டாயிரத்துச் சொச்சம். தொண்ணூறுகள் தொடங்கும்போது அறுபதாயிரம். இடைப்பட்ட இருபது வருடங்களில் திறந்த ஒவ்வொரு கிளைக்கும் லெட்ஜர் எழுத, டோக்கன் கொடுக்க, கையெழுத்துச் சரிபார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவலி என்று நம் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வேர் விட்டதில் அந்த வேலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அலை அலையாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சேர்ந்தே வயதானார்கள். பிறகு கணினி வந்தது, ஆள் எடுப்பது சுருங்கியது. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். மிச்சமிருந்த பெருங்கூட்டம் 2010க்குப் பிறகு 60 வயதைத் தொட்டது.

அப்போது புதிய ஆட்களை எடுக்கத்தான் செய்தார்கள். பல அரசு வங்கிகளுக்கும் சேர்த்து நடக்கும் ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு 2011இல் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள் பலர் அந்த அலையில் உள்ளே போனார்கள். ஆனால் ஒரு கிளார்க் போனால் ஒரு கிளார்க் என்ற கணக்கில் அது நடக்கவில்லை. ஒரு காலத்தில் அரசு வங்கிகளில் அதிகாரிகளைவிட எழுத்தர்கள்தான் அதிகம். இன்றைக்கு அது தலைகீழ்.

உங்கள் அப்பாவிடம் அவர் சேர்ந்த புதிதில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். செக்கை வாங்கிப் பித்தளை டோக்கன் கொடுப்பது, லெட்ஜரில் பக்கம் தேடிப் பற்று எழுதுவது, கையெழுத்து அட்டையோடு ஒப்பிடுவது, வவுச்சர்களை அடுக்குவது, சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் அந்த ஏழு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக் கடைசி லோக்கலைப் பிடிப்பது. அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஓய்வு பெற்றுவிட்டன. எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் கணினியில் ஒன்றாக இணைக்கும் கோர் பேங்கிங் வந்தது, 2016இல் யு.பி.ஐ. வந்தது, 27 அரசு வங்கிகள் இணைந்து இணைந்து 2020 ஏப்ரலில் 12 ஆயின. கடைசி வருடங்களில் அந்த நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தது அவருடைய பணிப்பாதுகாப்பு ஒன்றுதான். அவர் எழுந்ததும் நிர்வாகம் நாற்காலியையே எடுத்துவிட்டது.

எதிர்வீட்டு மாமா விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானதுதான். பணியிடங்களின் எண்ணிக்கை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட இடங்களில், மூத்தவர் இருக்கும் ஒவ்வொரு வருடமும் இளையவர் காத்திருக்கும் வருடம். மத்திய அரசு 1998இல் ஓய்வு வயதை 58இலிருந்து 60 ஆக்கியது. தமிழ்நாடு அரசு 2020இல் 59, 2021இல் 60 என்று உயர்த்தியது. அந்த நேரத்தில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வருடங்களைத் தங்கள் வயதிலிருந்துதான் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவரையே ஒப்பந்தத்தில் கூப்பிட்டுக்கொள்வது இன்னும் மோசம். வேலை இருக்கிறது, வருடக்கணக்கில் இருக்கப்போகிறது, ஆனால் ஒரு நிரந்தரப் பணியிடத்தை உருவாக்க மனமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அதைக் கேட்க வேண்டிய இடம் நிர்வாகம். மாமாவிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், அவரைக் கூப்பிட்டவர்கள்தான் உங்களைக் கூப்பிடாதவர்கள்.

ஆனால் ஒரு அலுவலகத்துக்கு உண்மையாக இருப்பது நாடு முழுவதற்கும் உண்மை ஆகிவிடாது. 1983இல் பிரான்ஸ் ஓய்வு வயதை 65இலிருந்து 60க்குக் குறைத்தது. பெரியவர்கள் விலகினால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இளைஞர்களின் வேலையின்மை அதனால் தீரவில்லை. ஜோனதன் குரூபர், டேவிட் வைஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்களின் முயற்சியில் 12 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முதியவர்கள் வேலையில் தொடர்வதால் இளைஞர்களின் வேலை பறிபோவதாக எங்கேயும் தெரியவில்லை. யோசித்தால் புரியும். சம்பளம் வாங்குகிற மனிதர் செலவும் செய்கிறார், அந்தச் செலவு இன்னொருவருக்கு வேலையாகிறது. அறுபதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் கையை இறுக்கிக்கொள்கிறார்.

சரி, இளைஞர்கள் அதிகம் உள்ள நாடு என்ற பேச்சுக்கு வருகிறேன். எண்ணிக்கையில் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8, நாம் இருக்கும் மகாராஷ்டிரத்தில் 1.7. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபது கடந்தவர்கள், பீகாரில் 7.7 பேர். ஒரே நாட்டுக்குள் ஒரு வயதான நாடும் ஒரு இளைய நாடும் இருக்கின்றன. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வடக்கிலிருந்து வந்தவர்களின் இந்தி காதில் விழுவதற்கு இந்த எண்களும் ஒரு காரணம்.

பிறப்பு குறைந்தால் முதலில் தெரிவது பள்ளிக்கூடத்தில். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. தாராவியில் வளர்ந்த என் தலைமுறை ஆட்கள் பலர் அங்கே படித்தவர்கள். இப்போது வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகள், அவர்களும் ஆங்கில வழிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு தமிழாசிரியை ஓய்வு பெறும்போது அவர் எடுத்த வகுப்பில் பிள்ளைகளே இல்லையென்றால் அந்த இடத்துக்கு யாரைப் போடுவார்கள்?

அப்படியானால் வேலை எங்கேதான் திறக்கிறது? ஓய்வு பெற்றவரின் நாற்காலியைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள் என்பேன். அவர் இன்னும் இருபது, இருபத்தைந்து வருடம் வாழப்போகிறார். அவருக்குக் கண்புரை, முழங்கால், சர்க்கரை. அவர் பிள்ளை புனேயிலோ டெக்சாஸிலோ. அவருக்குத் தேவைப்படுவதெல்லாம் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, மறதி நோய். ஐம்பது வருடம் இந்தியும் மராத்தியும் பேசி காய்கறி விற்கும் பாஜிவாலாவிடம் பேரம் செய்த அம்மாள் இப்போது அந்த மொழிகளை அடியோடு மறந்துவிட்டார். மிஞ்சியது திருநெல்வேலித் தமிழ் மட்டும். இந்த நோயில் கடைசியில் கற்ற மொழி முதலில் போவது அடிக்கடி நடக்கிறது. வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வந்த பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் தண்ணீர் வேண்டுமா என்பதை இந்தியில் “பானி சாஹியே?” என்று கேட்டால் பாட்டி மிரள்கிறார், கையைத் தட்டிவிடுகிறார். கடைசியில் தாராவியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை அவர் டியூட்டி. ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நோட்டு இருக்கிறது. காலை பி.பி., எத்தனை இட்லி இறங்கியது, எத்தனை தடவை டயப்பர் மாற்றினார், மத்தியான மாத்திரை, முதுகில் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டு இரவு வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரிந்தவர் அவர். “ஆச்சி, வலப்பக்கம் சாயுங்க” என்று அவர் சொன்னால் பாட்டி சாய்கிறார். அவர் ஊருக்குப் போன வாரத்தில் அந்த வீடு நிலைகுலைந்துவிட்டது.

அந்த வேலைக்கு எந்த விளம்பரமும் வரவில்லை, தேர்வும் இல்லை. அதே தெருவில் இன்னும் பல வீடுகள் தமிழ் பேசும் ஆளைத் தேடுகின்றன. எந்த நோட்டிபிகேஷனிலும் வராத காலியிடங்கள் அவை.

ஆனால் இதைச் சொல்லும்போது எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலைக் கடிதம் கிடையாது. பி.எப். கிடையாது. அவரே சுகமில்லாமல் படுத்தால் அன்றைய கூலி போயிற்று. உங்கள் அப்பா காலத்து வேலை சங்கம், சம்பள ஒப்பந்தம், மருத்துவம், பென்ஷன் எல்லாவற்றோடும் வந்தது. இப்போது திறக்கும் வேலைகள் வெறும் கையோடு வருகின்றன. வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 70 வயது கடந்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பணம் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்குச் சொன்னது. பென்ஷன்காரர்கள் வருடா வருடம் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்று கொடுக்க வேண்டும், விரல் ரேகை பதியாமல் தவிப்பவர்கள் எத்தனையோ பேர். இவையும் வங்கி வேலைகள்தானே? ஆனால் இப்படிப்பட்ட வேலைகள் பெரும்பாலும் ஏஜென்ட் கையில், கமிஷனில் நடக்கின்றன. முதுமை இத்தனை வேலைகளைக் கொண்டுவந்திருக்கும்போது அவற்றைக் கௌரவமான பணியிடங்களாக ஆக்காமல் விட்டிருக்கிறார்களே, உங்கள் தலைமுறை கோபப்பட வேண்டியது அதற்காகத்தான்.

அம்மா அழுததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, செய்தவர்களையே இழிவாகப் பேசியும் வந்திருக்கிறோம். அந்தப் பயம் அம்மாவின் வாயில் அப்படி வந்திருக்கிறது. ஆனால் நாளைக்கு அவரே படுக்கையில் விழுந்தால் யாரோ ஒருவர் அதைச் செய்யத்தான் வேண்டும். செய்பவர் படித்தவராக, பயிற்சி பெற்றவராக, நல்ல சம்பளம் வாங்குபவராக இருப்பதில் என்ன குறைச்சல்? விவாதம் செய்து இதை அவருக்குப் புரியவைக்க முடியாது. அதற்கு முன் உங்களுக்கே தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜப்பான் போவதற்கு முன் இங்கே ஏதாவது ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ உதவியாளராகக் கொஞ்ச நாள் வேலை பாருங்கள். நாற்றமும் எரிச்சலும் ராத்திரி முழிப்பும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் அதில் வெட்கமில்லை, எல்லோருக்கும் ஆகிற வேலை இல்லை அது.

ஒத்துவந்தால் ஜப்பானைப் பற்றி. அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் 2019 ஏப்ரலில் புதிய விசா கொண்டுவந்தார்கள், 2021 ஜனவரியில் இந்தியாவோடும் ஒப்பந்தம் போட்டார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 அளவு (கீழிருந்து இரண்டாவது படி) தேற வேண்டும், பராமரிப்புத் திறனுக்கும் அதற்கான மொழிக்கும் தனித் தேர்வுகள் உண்டு. அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது விதி. முதலில் ஐந்து வருடம் வரைதான், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அங்கிருந்தபடியே தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் தேறினால் வேறு விசாவுக்கு மாறலாம், அதில் குடும்பமும் வரலாம், புதுப்பித்துக்கொண்டே போகலாம். போவதென்றால் அந்தத் தேர்வைக் குறிவைத்துப் போங்கள். ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து மறுபடி 33 வயதில் தொடங்குவது கஷ்டம்.

அப்புறம், கிளார்க் தேர்வை இப்போதே விட வேண்டாம். வயது இருக்கும்வரை எழுதுங்கள், கூடவே என்4 வகுப்புக்கும் போங்கள். ஒன்று முடியட்டும் என்று இன்னொன்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

நண்பர் சொல்லும் ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்களுக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலை ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன்.