வீட்டை அடமானம் வைக்காதீர்கள். மகள் ஓட்டும் நிரலைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதப்போகும் மகள் இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். சொந்தபந்தம் முழுவதும் மருத்துவம் என்கிறது. உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இங்கே இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே படித்துத் திரும்பியவர்கள் இங்கே தொழில் செய்ய மருத்துவ வாரியத் தேர்வில் தேற வேண்டும். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே போகும். மனம் ஒட்டாத பிள்ளையின் தலையில் அந்தக் கடனைச் சுமத்தாதீர்கள். பெரியப்பா மகன் டாக்டரானான் என்றால், அது அவன் ஆசைப்பட்ட படிப்பு.

"ராத்திரியெல்லாம் கணினியில் ஏதோ துகள்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கிறாள்" என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அது என்ன வேலை தெரியுமா? ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுகருவியில் புரோட்டான் கொத்துகள் வினாடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை எதிரெதிரே கடக்கின்றன. மோதலில் சிதறும் குவார்க், அதாவது புரோட்டானுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள், தனியாக வெளியே தலைகாட்டாது. ஒரே திசையில் பாயும் துகள் தாரையாகிவிடும். அதற்கு 'ஜெட்' என்று பெயர். உணர்கருவியில் பதிவாகும் நூற்றுக்கணக்கான துகள்களில் எவை ஒரே தாரையைச் சேர்ந்தவை என்று பிரிப்பதுதான் கேள்வி. நெருங்கிய இரண்டை ஒன்றாக்கு, மறுபடி தேடு, மறுபடி ஒன்றாக்கு என்பது அடிப்படை விதி. 2008இல் கச்சாரி, சலாம், சுவாயே மூவரும் வெளியிட்ட 'ஆன்டி-கேடி' முறையில், அதிக உந்தமுள்ள துகள் அக்கம்பக்கத்து மெலிந்த துகள்களை முதலில் தன்னோடு இழுத்துக்கொள்ளும். தாரைகள் பெரும்பாலும் வட்டமாக அமையும். அந்த மோதுகருவியில் நடக்கும் அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வுகள் இன்றும் இதைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது வேகத்தின் கதை. ஒவ்வொரு இணைப்புக்கும் எல்லா இணைகளையும் திரும்ப ஒப்பிட்டால், 1,000 துகளுக்கு 100 கோடி படிகள் வரை ஆகும். ஒவ்வொரு துகளுக்கும் மிக அருகிலுள்ள துகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்று வடிவியலைக் கொண்டு காட்டியதும், அது ஏறத்தாழ 10 லட்சமாக இறங்கியது. இப்படி வேகமாகத் தாரைகளைப் பிரிக்கும் 'பாஸ்ட்ஜெட்' மென்பொருள் இலவசம். செர்னின் மோதல் தரவுகளும் இலவசம். உங்கள் மகள் இவை இரண்டையும் தானே தேடிப் பிடித்து, தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்க்கிறாள். இது பொழுதுபோக்கு இல்லை, ஐயா.

இந்தத் துறைக்கு நம் நாட்டிலேயே கதவு இருக்கிறது. தென்னாப்பிரிக்கா-செர்ன் திட்டம் 2008இல் தொடங்கியது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் அட்லஸ் ஆய்வில் பங்கேற்கிறது. இளநிலைப் படிப்பை டர்பனிலேயே, குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தில், வீட்டுச் சாப்பாட்டோடு முடிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டைத் தாண்டாவிட்டால் அரசின் மாணவர் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இளநிலைக்குப் பிறகு வரும் ஹானர்ஸ் ஆண்டிலிருந்து தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்குப் போட்டியிடலாம்.

ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு என்பது உண்மை. அதனால்தான் இயற்பியலோடு கணினி அறிவியலையும் எடுக்கச் சொல்கிறேன். குவியலான தரவில் கூட்டம் பிரிக்கத் தெரிந்தவரை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தேடுகின்றன. மெட்ரிக்கில் கணிதமும் இயற்பியல் அறிவியலும் நல்ல மதிப்பெண்ணோடு இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மத்திய விண்ணப்ப அலுவலகத்தின் படிவம் வரும்போது முதல் விருப்பத்தை அவளே எழுதட்டும். அதற்குமுன் ஒரு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நிரல் என்ன செய்கிறது என்று அவளிடமே கேளுங்கள்.