பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. திருப்பிப் படிக்க எப்படித் திட்டம் போடுவது?

"டைம்டேபிள் போட்டால் மூன்று நாள்கூட ஓடுவதில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீங்கள் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறீர்கள், அரையாண்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். காலையில் ஸ்டடி, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், இடையில் திருப்புதல் தேர்வுகள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிச் சாப்பிட்டு உட்காரும்போதே மணி எட்டாகிவிடும். அதற்குமேல் "8 முதல் 9 கணக்கு, 9 முதல் 10 அறிவியல்" என்று கட்டம் போட்டால் அது எப்படி ஓடும்? நேரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். திருத்திக் கொடுத்த விடைத்தாளை வைத்துப் போடுங்கள்.

என் தம்பி 2023ல் பத்தாம் வகுப்பு எழுதினான். எங்களுக்கு விருதுநகர் மாவட்டம். தேர்ச்சி விகிதத்தில் பல வருடம் முதலிடத்தில் இருந்த மாவட்டம் என்பதால் இங்கே பள்ளிகள் பிள்ளைகளை லேசில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அரையாண்டில் அவன் கணக்கில் வாங்கியது 41. அப்பா பேசவே இல்லை. அம்மா டியூஷன் சேர்க்கலாம் என்றார். நான் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அவனுடைய ஐந்து விடைத்தாளையும் தரையில் பரப்பி வைத்து, மதிப்பெண் எங்கெங்கே போயிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

கணக்குத் தாளின் அமைப்பு உங்களுக்கே தெரியும். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் கேள்வி 10, அப்புறம் வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாக 16 மார்க். தம்பி வரைபடத்தைத் தொடவே இல்லை. வடிவியலில் படம் வரைந்திருந்தான், வரைமுறை எழுதவில்லை. ஒரு மார்க்கில் பாதிக்கு மேல் தப்பு, அத்தனையும் புக் பேக் கேள்விகள், அதாவது பாடத்தின் முடிவில் புத்தகத்திலேயே இருப்பவை. ஆக, அவன் பயந்து நடுங்கிக்கொண்டிருந்த முக்கோணவியல் அவனை அவ்வளவாகக் கவிழ்க்கவில்லை. இதை அவனிடம் காட்டியபோது அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

பிறகு ஒரு தாளில் ஒரு பட்டியல் போட்டோம். "இயல் 3 முடிக்க வேண்டும்" என்றெல்லாம் அதில் எழுதவில்லை. எழுத முடியாமல் போன கேள்விகளை மட்டும் கேள்வியாகவே எழுதினோம். பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, தினமும் இரவு அதிலிருந்து இரண்டோ மூன்றோ எடுப்பான். புத்தகத்தை மூடிவைத்து எழுதுவான், பிறகு திறந்து சரிபார்ப்பான். சரியென்றால் பக்கத்தில் தேதி. சில நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி எழுதி, அப்போதும் சரியாக வந்தால்தான் அடிப்பது. திருப்புதல் தேர்வுத் தாள் கைக்கு வந்த அன்றைக்கே புதிய தவறுகள் பட்டியலில் ஏறிவிடும். திருப்புதல் தேர்வுகளைப் பள்ளியே நடத்துகிறது, ஆசிரியரே திருத்துகிறார். அதைவிட நல்ல திட்டத்தை நாம் வீட்டில் உட்கார்ந்து போட்டுவிட முடியாது.

"அக்கா, படிச்சதையே ஏன் திரும்ப எழுதச் சொல்ற, புதுசா ஏதாச்சும் படிக்கலாம்ல" என்று தினமும் சண்டை போட்டான். வாசித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006ல் இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

மார்க்குக்காக மட்டும் படிக்கச் சொல்கிறேன் என்று யாராவது சொல்லக்கூடும். இல்லை. தனக்கு எது தெரியாது என்று பிள்ளைக்கே தெரிவது படிப்பில் பெரிய விஷயம் என்று உறுதியாக நம்புகிறேன். புக் பேக் மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை, பாடத்தின் உள்ளிருந்தும் கேட்கிறார்கள். ஏற்கெனவே 95 வாங்குகிறவர்களுக்கு இந்த முறை தேவைப்படாமல் இருக்கலாம். சிபிஎஸ்இ தாள் அமைப்பு வேறு, அதைப் பற்றி நான் பேசவில்லை.

பொதுத்தேர்வில் தம்பி கணக்கில் 88 வாங்கினான். சொன்னால்தான் மனசு ஆறும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் வந்த வாரம் எங்கள் ஊர் டியூஷன் சென்டர் ஒன்று வைத்த ஃபிளெக்ஸில் அவன் படம். வருடத் தொடக்கத்தில் சில வாரம் மட்டும் அங்கே போய்விட்டு நிறுத்திவிட்டவன் அவன்! எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போய்க் கேட்டதற்கு, "உங்க பையனுக்குப் பெருமைதானே சார்" என்றார்களாம். ராத்திரி ராத்திரியாக எழுதி எழுதிப் பார்த்தது அவன். பிள்ளைகளுக்கு அழுத்தம் கூடாது என்று 2017லேயே அரசு முதலிடப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. தெருமுனையில் அந்தப் பட்டியல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பெற்றவர்களின் எழுத்து அனுமதி இல்லாமல் பிள்ளை படத்தை யாரும் போடக் கூடாது என்று கண்டிப்பாக விதி வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மற்ற பாடங்களுக்கும் இதே முறைதான். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75தான், மீதி 25 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். அந்த 25ஐ அலட்சியம் செய்யாதீர்கள். படங்களைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறித்துப் பழகுங்கள். சமூக அறிவியலில் வெற்று வரைபடத்தாளும் காலக்கோடும் வாரம் ஒருமுறையாவது கைக்கு வர வேண்டும். தமிழ் மனப்பாடச் செய்யுளை வாயால் சொல்லிப் பார்த்தால் போதாது. அடி மாறாமல், பிழையில்லாமல் எழுத வருகிறதா என்று பாருங்கள்.

2023ல் தேர்வு ஏப்ரல் 6ல் தொடங்கி 20ல் முடிந்தது, பாடங்களுக்கு நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி கிடைத்தது. உங்களுக்கும் இடைவெளி கிடைத்தால் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். பட்டியலில் அடிக்கப்படாமல் நிற்கும் கேள்விகளை மட்டும் எழுதிப் பாருங்கள், பத்து மணிக்குத் தூங்கிவிடுங்கள். தேர்வு அறையில் வினாத்தாள் வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் எந்தெந்தக் கேள்வியை விடப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். கட்டாயக் கேள்வி எது என்றும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.