தொலைபேசி லைன் வழியாக இணையத்துக்குப் போன காலத்தில், டயல்-அப் மோடம் இணைக்கும்போது அந்தக் கர்ர்ர் சத்தம் ஏன் வந்தது? அதை நிறுத்த முடியாதா?

நிறுத்தலாம். மோடம் அமைப்பில் கூடுதல் கட்டளை எழுதும் பெட்டி ஒன்று இருக்கும். அதில் ஏடிஎம்0 (ATM0) என்று போட்டால் ஸ்பீக்கர் வாயை மூடிவிடும். ராத்திரியில் திட்டு வாங்காமல் இருக்க நானும் போட்டேன். இரண்டே வாரத்தில் எடுத்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சத்தம். தொலைபேசி லைன் மனிதர்கள் பேசுவதற்காகப் போட்டது. தோராயமாக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அதில் போகும். கணினியின் தரவை அதற்குள் அடங்குகிற ஒலியாக மாற்றி அனுப்புவதும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒலியை மறுபடி தரவாக்குவதும்தான் மோடத்தின் வேலை. நாம் கேட்டது இரண்டு மோடங்கள் பேசி முடிவுக்கு வரும் சத்தம்.

டயல் டோன் வரும், எண்கள் டிக்டிக்கென்று போகும், மணி அடிக்கும். எதிர்முனை மோடம் எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு விசில். தொலைபேசி வலையமைப்பில் நம் குரல் நமக்கே திரும்பி வராமல் தடுக்கும் கருவிகள் உண்டு. மோடங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பேசுபவை, எதிரொலியைத் தாங்களே கழித்துக்கொள்பவை. அதனால் அந்தக் கருவிகளைக் கொஞ்ச நேரம் ஒதுங்கி இருக்கச் சொல்வதற்குத்தான் அந்த விசில். அப்புறம் எந்த முறையில், எவ்வளவு வேகத்தில் பேசலாம் என்று பேரம். நடுவில் 'டொய்ங்' என்று வருவது லைனைத் தட்டிப் பார்ப்பது. எந்த அலைவரிசை நன்றாகப் போகிறது, எது தேய்கிறது என்று அதில் தெரிந்துவிடும். கடைசிக் கர்ர்ர், லைனின் குறைகளுக்கு ஏற்ப மோடங்கள் தங்களைச் சரிசெய்துகொள்வது. அது முடிந்ததும் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும்.

பழகிய காதுக்கு இதில் எல்லாம் தெரியும். டயல் டோன் இல்லையா, வயர் கழன்றிருக்கும். பிஸி டோனா, அந்தப் பக்கம் லைன் காலி இல்லை. கர்ர்ர் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து வந்தால் லைனில் இரைச்சல், இன்று வேகம் குறைவுதான். 56கே மோடம், அதாவது நொடிக்கு 56 கிலோபிட், என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் 44. ஒரு மெகாபைட் இறங்க மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

சத்தத்தில் பிடிபடாத கோளாறும் உண்டு. இணைப்பு கிடைத்த நொடியே என் மவுஸ் செத்துவிடும். மவுஸ் இருந்தது காம்1 என்ற போர்ட்டில், மோடம் காம்3-இல். இரண்டுக்கும் ஐஆர்க்யூ, அதாவது சாதனம் கணினியின் கவனத்தைக் கூப்பிடும் தடத்தின் எண், ஒன்றே, 4. மோடத்தை வேறு எண் உள்ள காம்2-க்கு மாற்றியதும் சரியானது. இது புரிவதற்குள் மவுஸையே மாற்றிப் பார்த்துவிட்டேன் என்பது வேறு கதை.

சரி, அந்த இரண்டு வாரம். இணைய நிறுவனம் டயல் செய்ய வேறு எண் கொடுத்திருந்தது. மாற்றும்போது ஒரு இலக்கத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஸ்பீக்கர்தான் ஊமையாயிற்றே, திரையில் 'எதிர்முனைக் கணினி பதிலளிக்கவில்லை' என்பது மட்டும் வந்தது. கூட்டமாக இருக்கும் என்று நினைத்து, தானாக மறுபடி மறுபடி டயல் செய்யும் வசதியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தும் கிடைக்கவில்லை. சந்தேகத்தில் ஸ்பீக்கரைத் திறந்தேன். "யாருய்யா அது? போனை எடுத்தா பேச மாட்டியா?" என்று ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். அவசரமாக வயரைப் பிடுங்கினேன். போன் செய்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ஆனால் அந்த வீட்டு மணியை இன்னொரு தடவை அடிக்கத் தைரியம் வரவில்லை.

அன்றே ஏடிஎம்0-ஐ எடுத்துவிட்டேன். ஒலியைக் குறைக்க ஏடிஎல்1 (ATL1) என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் என் மோடம் அதை மதிக்கவில்லை. ஸ்பீக்கர் ஓட்டை மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டிவைத்தேன்.