ஐயாவின் ஐயாவைத் தேடுகிறவர் எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. என் ஐயாவின் (அப்பாவின் அப்பா) ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர், திரும்பவில்லை என்று அப்பத்தா சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரண்டாங்கட்டு அறையில் ஒரு பழைய பேரேடும், ‘தாது வருஷம்’ என்று தொடங்கும் ஓர் ஓலையும் கிடைத்தன. அவர் யார், எந்த வழியில் வந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பலரும் நேரே ரங்கூனில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. தலைமகனுக்கு ஐயா பெயரை இடுவது வழக்கம் என்பதால், உங்கள் ஐயாவும் அவருடைய ஐயாவும் ஒரே பெயர்க்காரர்களாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தலைமகன் வழியாகவே வந்திருந்தால் தகப்பன் பெயரும் ஒன்றாகி, விலாசமும் (பெயருக்கு முன் வரும் முன்னோர் பெயர் எழுத்துகள்) ஒன்றாகவே அமையும். போதாக்குறைக்கு அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவரும் தங்கள் மகனுக்கு அதே ஐயா பெயரை வைத்திருப்பார்கள். ஒரே வளவில் (கூட்டுக் குடும்ப வீட்டில்) ஒரே பெயரில் மூன்று பேர் இருந்த வீடுகள் உண்டு.

உங்கள் ஓலையிலும் இதே சிக்கல் இருக்கிறது. தாது வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1876 சித்திரையில் பிறந்தது ஒரு தாது, பெரும் பஞ்சத்தோடு பேசப்படுவது அதுதான். அடுத்த தாது 1936-ல் பிறந்தது. பெயர் ஒரு தலைமுறை விட்டுத் திரும்ப, வருஷமும் 60 ஆண்டில் திரும்ப, பேரனின் ஓலையை ஐயாவின் ஓலை என்று நம்பிவிடுவது எளிது. ஓலையில் தேதியோடு கிழமை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தமிழ்த் தேதி 60 ஆண்டு கழித்து அதே கிழமையில் வருவதில்லை, ஐந்தாறு நாள் தள்ளிப்போகும். இரண்டு தாது வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் எடுத்து ஒப்பிட்டால் எது என்று தெளிவாகிவிடும். தை முதல் பங்குனிக்குள் உள்ள தேதியானால் ஆங்கில ஆண்டை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஓலையை விரித்து நிமிர்த்த வேண்டாம், முறிந்துவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுத்தால் கீறிய எழுத்து தெரியும். அது இசைகுடிமானமாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். திருமண உடன்படிக்கையாதலால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டின் ஊரும் பெயரும் அதில் கிடைக்கும்.

அடுத்து கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது நகரத்தார் கோயில்களில் உங்களுடையது எது என்பது வீட்டில் தெரிந்திருக்கும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டியானால் உட்பிரிவையும் கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் தேடல் நகராது. திருமணத்துக்குக் கோயில் மாலை வாங்கி, புதுத் தம்பதியரை ஒரு புள்ளியாகச் சேர்க்கிற வழக்கம் இருப்பதால், புள்ளிக் கணக்குதான் நமக்குப் பிறப்பு இறப்புப் பதிவைவிட நம்பகமான ஆவணம். பழைய கணக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது கோயிலுக்குக் கோயில், ஊருக்கு ஊர் மாறும். கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர்களிடம் ஊர், விலாசம், திருமணம் நடந்த உத்தேச ஆண்டு மூன்றையும் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். ஊர் நகரச் சிவன் கோயிலின் புள்ளி வரி ஏட்டையும் விட்டுவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய துணை, முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு வீடு. ஒரே முன்னோரிடமிருந்து வந்த பங்காளிகள் சேர்ந்து படைப்பதால், அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதே வம்ச வரைபடத்தின் பாதி. படைப்பன்று போய், உங்களுக்கு அடுத்த கிளையில் மூத்தவர் யார் என்று விசாரித்து அவரருகில் உட்காருங்கள். ஆச்சிமார்களை முதலில் கேளுங்கள். ஆண்கள் விலாசத்தைச் சொல்வார்கள், ஆச்சிகள் யார் வீட்டுக்கு யார் பெண் கொடுத்தது, எந்தக் குழந்தை தவறிப்போனது, எந்த வளவில் எதனால் பேச்சு நின்றது என்பதைச் சொல்வார்கள். வீட்டுப் பாத்திரங்களில் வெட்டிய பேர் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் விலாசத்தோடு ஒட்டாத எழுத்து, பெரும்பாலும் ஒரு மருமகளின் பிறந்த வீட்டைக் காட்டும்.

இங்கே ஒன்றைத் துணிந்து கேட்க வேண்டும்: இது அவர் பிறந்த வீடா, பிள்ளை வந்த (தத்து வந்த) வீடா? பிள்ளை கூட்டிக்கொள்வது நம்மிடம் சாதாரணம். அதே கோயிலுக்குள் எடுப்பதால் கோயில் மாறாது, ஆனால் தகப்பன் பெயர், விலாசம், சில சமயம் ஊரே மாறிவிடும். கடல் கடந்து போய்த் திரும்பாதவர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவருக்குப் பின் மனைவி ஒரு பையனைக் கூட்டியிருக்கலாம், நீங்கள் அந்தப் பையனின் வழியாக இருக்கலாம். வரைபடத்தில் இரண்டு வழியையும் எழுதுங்கள். வளர்த்த வீட்டையோ பெற்ற வீட்டையோ மறைத்து எழுதுவது இரண்டு வீட்டுக்கும் செய்கிற அநியாயம்.

பேரேட்டைத் திறக்கும்போது, மேலே இருக்கும் விலாசம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பர்மா போனவர்கள் எல்லாரும் முதலாளிகள் அல்லர். பலர் மேலாளாகவோ (கடையை நடத்தும் முகவர்) அடுத்தாளாகவோ (அவருக்கு அடுத்த உதவியாளர்), மூன்றாண்டுக் கணக்கில் சம்பளச் சீட்டு எழுதிப் போனவர்கள். அப்படியானால் உங்கள் ஐயாவின் ஐயா இன்னொருவருடைய கடைக் கணக்குக்குள் ஒரு பற்று வரவாக இருப்பார். அந்தப் பற்று வரவு எந்த மாதத்தோடு நிற்கிறது, நிலுவை யார் பெயருக்கு மாறுகிறது என்பதைப் பாருங்கள். மனைவி பெயருக்கோ மகன் பெயருக்கோ மாறியிருந்தால் அவர் காலமான காலம் ஏறத்தாழ அதுதான். ௧, ௨, ௰, ௱ என்ற தமிழ் எண்களையும் கால், அரை, வீசத்தையும் ஒரு மாலையில் படித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கையில் வந்த பிறகு ரங்கூனுக்குப் போங்கள். இந்தியச் சட்ட அறிக்கைகளின் ரங்கூன் வரிசையில் செட்டியார் கடை வழக்குகள் நிறைய உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களில், பவர் (பிரதிநிதி அதிகாரப் பத்திரம்) மாற்றம், இறந்தவர் சொத்து நிர்வாகம் பற்றிய அறிவிப்புகள் கிடைக்கும். அவர் மலாயாப் பக்கம் மாறியிருந்தால் அது உதவும். ‘அரு’ ஆங்கிலத்தில் ‘ஏஆர்’ ஆகியிருக்கும், ‘ராம’ ‘ஆர்எம்’ ஆகியிருக்கும், செட்டியார் என்பதையே மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா விதத்திலும் தேடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்தவை இப்போது சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. பழைய இதழ்களுக்கு அங்கே கேட்கலாம்.

நிலப்பத்திரம் தேடுவதானால், தேவகோட்டை இன்று சிவகங்கை மாவட்டம், 1985 வரை ராமநாதபுரம், 1910-க்கு முன் மதுரை. ஓலை 1876-ஐச் சேர்ந்ததென்று உறுதியானால் மதுரை மாவட்டத்துப் பழைய ஆவணங்களைத்தான் கேட்க வேண்டும். அவர் பிள்ளை வந்தவர், பிறந்த வீடு ராயவரம் பக்கம் என்று தெரியவந்தால், 1948 வரை அது புதுக்கோட்டை சமஸ்தானம். அங்கே தனியாகக் கேளுங்கள்.