மனப்பாடம் பண்ணுனவன்தான், டீச்சர், கேள்வி கேப்பான்

வணக்கம் சார்,

நான் ஒரு தனியார் பள்ளியில ஆறு, ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். தர்மசாலாவுல இருக்கிற திபெத்தியக் குழந்தைகள் கிராமத்துப் பள்ளி பத்தி ஒரு வீடியோ பாத்தேன். சின்னப் பிள்ளைங்க பாயில உக்காந்து மாண்டிசோரி பொருள்களை அவங்களே எடுத்து வச்சுக் கத்துக்கிறாங்க, டீச்சர் ஓரமா இருக்காங்க. அதே பிள்ளைங்கதான் பிரார்த்தனையை வரி பிசகாம மனப்பாடமா சொல்றாங்க. மாணவர் மையக் கல்வியும் பண்பாட்டைக் காப்பாத்துறதும் முரண் இல்லையா? நாடு இழந்த பிள்ளைங்க மேல ஒரு இனத்தோட பாரத்தையே ஏத்துற மாதிரி பாவமா இருந்துச்சு. எங்க பள்ளியிலயும் மாணவர் மையக் கல்விக்கு ட்ரெயினிங் போகச் சொல்றாங்க, போகலாமா? என் கிளாஸ்ல டவுட் இருக்கான்னு கேட்டா மொத்தப் பேரும் "இல்ல மிஸ்"தான். சில நாள் வீட்டுக்கு வந்து அழுதுடறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

உங்க கடைசி ரெண்டு வரி இல்லன்னா பதில் போட்டிருக்க மாட்டேன். "இல்ல மிஸ்"க்கு அழற டீச்சர் இந்த ஊர்ல இன்னும் இருக்காங்களான்னு இருந்துச்சு. நல்லா இருங்க.

ஆனா அந்த "பாவமா இருந்துச்சு"வை மட்டும் முதல்ல அழிச்சிடுங்க, எரிச்சலா வருது. 1960 மே மாசம் ஜம்மு பக்கம் ரோடு போட்டுட்டிருந்த திபெத்திய அகதிகளோட பிள்ளைங்க 51 பேர் சீக்கும் பட்டினியுமா தர்மசாலாவுக்கு வந்து சேந்தாங்க. தலாய் லாமாவோட அக்கா செரிங் டோல்மா எடுத்து வளத்தாங்க, அப்படி ஆரம்பிச்சதுதான் இந்தப் பள்ளி. 1964ல அவங்க இறந்ததும் தங்கச்சி ஜெட்சுன் பெமா கைக்கு வந்து 2006 வரைக்கும் அவங்கதான் நடத்துனாங்க. முதல்ல பிள்ளை பொழைக்கணும், அப்புறம்தான் பண்பாடு எல்லாம். அங்க ஹாஸ்டல்னு கூட சொல்ல மாட்டாங்க, ஹோம்தான். ஒரு வீட்டுக்கு ஒரு அம்மா, முப்பது நாப்பது பிள்ளைங்க, பெருசுங்க சிறுசுங்களைப் பாத்துக்கும், வீட்டு வேலையையும் பிரிச்சுக்கும். பொறுப்பா வளர்ற பிள்ளையப் பாத்து நீங்க எதுக்குங்க பாவப்படறீங்க?

முரண் இல்லையான்னு கேட்டீங்க. இல்ல. 1985ல தொடக்க வகுப்பை எல்லாம் திபெத்திய மொழியிலயே நடத்துறதுன்னு முடிவு பண்ணி இறங்குனாங்க. கணக்குக்கும் அறிவியலுக்கும் அந்த மொழியில பாடப்புத்தகமே உக்காந்து எழுத வேண்டியிருந்துச்சு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் அப்படி, அப்புறம் இங்கிலீஷ், கடைசியில எல்லாரையும் போல சிபிஎஸ்இ பரீட்சை. வீட்டுல பேசுற மொழியிலயே பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தந்தா அது மாணவர் மையமா பண்பாடான்னு பிரிச்சுச் சொல்லுங்க பாப்போம். சரி இது போகட்டும், எனக்கு இதுல பெரிய சண்டை இல்ல.

என் சண்டை அந்த மனப்பாடத்துலதான். மனப்பாடம்னு எழுதும்போதே உங்களுக்கு மூக்கு சுளிக்குது, லெட்டர்லயே தெரியுது. உங்க தப்பு இல்ல, இருபது வருஷமா எல்லா ட்ரெயினிங்லயும் அதைத்தான் சொல்லிட்டிருக்காங்க, மனப்பாடம் பண்ண வச்சா பிள்ளை கிளியாயிடும்னு.

ஒரு தடவை ஃப்ரெண்ட்ஸோட குடகு போய்ட்டு வர்ற வழியில பைலகுப்பேல எறங்குனோம், கர்நாடகாவுல திபெத்திய அகதிகள் குடியிருக்கிற ஊர். எல்லாரும் அங்க இருக்கிற கோல்டன் டெம்பிள்ல செல்ஃபி எடுக்கப் போய்ட்டாங்க, கூட்டம் தாங்காம நான் செராங்கற பௌத்த மடத்துப் பக்கம் போய்ட்டேன். சாயங்காலம். பெரிய முற்றம், ஜோடி ஜோடியா பிக்குகள், ஒருத்தர் தரையில உக்காந்திருக்கார், எதுத்தாப்ல ஒருத்தர் நின்னுகிட்டு காலைத் தூக்கி ஓங்கி மிதிச்சு கையைத் தட்டி அவர் மூஞ்சிக்கு நேரா கத்துறார். அடிதடின்னே நெனச்சேன். ஒரு ஜோடியில நிக்கிறவனுக்கு பன்னெண்டு பதிமூணு வயசுதான் இருக்கும், உக்காந்திருந்தவர் என் வயசு. பொடியன் கையைத் தட்டறான், பெரியவர் தலையைச் சொறியறார். சுத்தி நின்னவங்க சிரிக்கிறாங்க, அவரும் சிரிக்கிறார். பக்கத்துல நின்ன ஒரு பிக்கு அவருக்குத் தெரிஞ்ச கன்னடத்துல, எனக்குத் தெரிஞ்ச கன்னடத்துக்கு ஏத்த மாதிரி, இது சண்டை இல்ல, தர்க்கம் பண்றாங்கன்னு சொல்லிக் குடுத்தார்.

உக்காந்திருக்கறவர்தான் பதில் சொல்லணும், நிக்கிறவனுக்குக் கேள்வி மட்டும்தான். பதிலும் இஷ்டத்துக்கு சொல்லிட முடியாது. ஏன்னு கேக்கலாம், ஒத்துக்கறேன்னு சொல்லலாம், நீ சொன்ன காரணமே சரியில்லன்னு சொல்லலாம், இல்ல காரணம் சரி ஆனா அதுலருந்து நீ சொல்ற முடிவு வராதுன்னு சொல்லலாம். அவ்வளவுதான், கதை அளக்க வழியே கிடையாது. புதுசா சேர்ற பசங்களுக்கு நிறத்துலருந்து ஆரம்பிக்கும். நிறம்னாலே சிவப்புதான்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டான்னு வைங்க, அப்ப வெள்ளைச் சங்கோட நிறமும் சிவப்புதானே, அதுவும் நிறம்தானேன்னு நிக்கிறவன் மடக்குவான். முன்னாடி ஒத்துக்கிட்டதுக்கும் இப்ப சொல்றதுக்கும் இடிச்சா "ட்ஸா!"ன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, கிரிக்கெட்ல விக்கெட் விழுந்த மாதிரி.

இவ்வளவுக்கும் அந்தப் பையன் காலையில என்ன பண்றான்னு கேட்டேன். உக்காந்து நூலை உரக்கச் சொல்லி மனப்பாடம் பண்றான், பக்கம் பக்கமா. சாயங்காலம் நிக்கும்போது கையில புத்தகம் இருக்காது. எல்லாம் நெஞ்சுல இருக்கு, அதனாலதான் பெரியவர் ஒரு வரிய மாத்திச் சொன்னா கப்புன்னு புடிக்க முடியுது. உங்க பிள்ளைங்ககிட்ட டவுட் இருக்கான்னா எப்படிம்மா இருக்கும், உள்ள எதாவது இருந்தாத்தானே அதுல டவுட் வரும்! நாம பாதியைத்தான் செஞ்சோம், காலையில மனப்பாடத்தை வாங்கிட்டு சாயங்காலம் முற்றத்துக்கு விடாம ட்யூஷனுக்கு அனுப்பிட்டோம். பிள்ளை கிளியாச்சு. உடனே மனப்பாடம்தான் வில்லன்னு அதையும் புடுங்கி, கையில ஸ்கெட்ச் பேனாவும் சார்ட்டும் குடுத்து குரூப் ஆக்டிவிட்டின்னோம், இப்ப அதுவும் இல்ல இதுவும் இல்ல. திபெத்தியப் பள்ளிங்கள்ல இந்த தர்க்கத்தையும் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க, உங்க வீடியோல மாண்டிசோரி மட்டும்தான் வந்துச்சு போல.

இதுல எனக்குத் தனியா ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. இந்த தர்க்கத்துக்கு மூலபுருஷர் திக்நாகர்ங்கற பௌத்த அறிஞர், காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்தவர்னு திபெத்திய மரபே சொல்லுது. நம்ம மணிமேகலை 29ஆம் காதையில பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை (அதாவது அறியற வழி) ரெண்டு, ஏது (காரணம்) எது, போலி (தப்பான காரணம்) எதுன்னு பாடம் எடுக்கறதும் காஞ்சியிலதான். நாம அந்தக் காதையை போரடிக்குதுன்னு தாண்டிடுவோம், நீங்க தமிழ் டீச்சர், நீங்களும் தாண்டியிருப்பீங்க. பனிமலைக்கு அந்தப் பக்கம் போன சரக்கை அவங்க பத்திரமா வச்சிருந்து அகதியா வரும்போதும் தூக்கிட்டு வந்திருக்காங்க.

அதுக்காக அங்க எல்லாம் சொக்கத்தங்கம்னு சொல்ல வரல. பல நூறு வருஷம் அந்த முற்றம் ஆம்பளைங்களுக்குத்தான். கெஷேங்கற உயர்ந்த பட்டத்துக்கு இணையா பிக்குணிகளுக்கு கெஷேமா பட்டம் குடுத்தது 2016லதான், முதல் தடவையா 20 பேருக்கு. காப்பாத்துறவன்தான் மாத்தவும் செய்வான். பொட்டியில போட்டுப் பூட்டுறதுன்னா அதுக்கு பள்ளிக்கூடம் எதுக்கு, மியூசியம் போதுமே.

ட்ரெயினிங் போங்க, சம்பளத்தோட லீவு, மதிய சாப்பாடு வேற. திரும்பி வந்ததும் ஒரே ஒரு பாட்டை, சின்னதா போதும், கிளாஸ் மொத்தமும் தடங்கலில்லாம சொல்ற வரைக்கும் விடாதீங்க, திட்டினா திட்டட்டும். அப்புறம் பெஞ்சை எல்லாம் ஓரம் தள்ளிட்டு ஜோடி பிரிச்சு விடுங்க, ஒருத்தன் உக்காரட்டும், ஒருத்தன் நிக்கட்டும். புத்தகம் மூடியிருக்கணும். வாயாடிகளை உக்கார வைங்க, "இல்ல மிஸ்" கேஸை எல்லாம் நிக்க வைங்க. சத்தம் வரும், பக்கத்து கிளாஸ் மிஸ் எட்டிப் பாப்பாங்க, ஹெச்எம் கூப்பிடுவார். கூப்பிட்டா என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க.