தனியாளாகச் சிறிய தமிழ் வலைத்தளம் நடத்துபவர்கள், எழுதியதைத் திருத்தவும் தளத்தைப் பராமரிக்கவும் என்ன செய்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் ஏற்கெனவே ஒரு தளம் ஆரம்பித்து, பத்து இருபது பதிவுகள் போட்டுவிட்டு, இனி புதிதாக எழுதுவதா, பழையதைச் சரிபார்ப்பதா என்ற இடத்தில் நிற்கிறார் என்று நினைக்கிறேன். பழையதைச் சரிபாருங்கள். புதுப் பதிவு அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

நான் பத்திர எழுத்தர். பட்டா, வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்ட் இதெல்லாம் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மாதிரி எழுத ஒரு சிறிய தளம் வைத்திருக்கிறேன். கணினி படித்தவன் இல்லை. தொழிலில் செய்வதைத்தான் தளத்திலும் செய்கிறேன்.

ஒரு பத்திரம் எழுதி முடித்தால் அதை ஒத்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டோம். ஒருவர் தாய்ப்பத்திரத்தை, அதாவது அந்தச் சொத்தின் முந்தைய பத்திரத்தை, வாசிப்பார், இன்னொருவர் புதுப் பத்திரத்தில் விரல் வைத்துக்கொண்டே வருவார். சர்வே எண் 112/2ஏ என்பது 112/2பி என்று விழுந்துவிட்டால் பக்கத்துக்காரர் நிலத்தை விற்றதாக ஆகிவிடும். அதைச் சரிசெய்ய, நிலத்தை விற்று எழுதிக்கொடுத்தவரே திரும்ப வந்து பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுத் தர வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். இதையெல்லாம் பார்த்தவனுக்கு எழுத்துப் பிழை என்பது சின்ன விஷயமாகத் தெரியாது.

அதனால் தளத்தில் போடுகிற எதையும் என் மனைவியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். அவர் எங்கே தடுமாறி, வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகிறாரோ, அந்த வாக்கியத்தை உடைத்து எழுதுவேன். வீட்டில் ஆள் இல்லை என்றால் நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். ஒற்றுப் பிழைக்கு 'நாவி', எழுத்துப் பிழைக்கு 'வாணி' என்று நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, நன்றாக உதவும். ஆனால் எண்ணையும் தொகையையும் தேதியையும் அவை பார்த்துத் தராது. அதற்கு உட்கார்ந்து ஒத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் பத்திரத்திலிருந்து வந்ததுதான். எழுதிய பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அது எந்தப் பக்கம், எந்த வரி என்று கடைசியில் குறித்துக் கையெழுத்து வாங்குவோம். அந்த மாதிரியே என் ஒவ்வொரு பதிவின் அடியிலும் எந்த மாதம் எதை மாற்றினேன் என்று ஒரு வரி இருக்கும். இது தேவையில்லாத வேலை, படிப்பவருக்கு நம்பிக்கை குறையும் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

2017 ஜூனில் தமிழ்நாட்டில் நில வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 4, ஆக 11. அப்போது ஒரு உதாரணக் கணக்கு போட்டிருந்தேன்: 10 லட்சமாக இருந்த மதிப்பு 6 லட்சத்து 70 ஆயிரமாக இறங்கினால், 11 சதவீதத்துக்கு 73,700 ரூபாய். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். மொத்தம் 9. இங்கேதான் கவனம் வேண்டும். 11 என்று இருந்த இடத்தில் 9 என்று மாற்றிவிட்டுப் போயிருந்தால், செலவு குறைந்துவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் அதே நிலத்துக்கு மதிப்பு மறுபடி 10 லட்சம், செலவு 90,000. சதவீதம் இறங்கியது, கையிலிருந்து போகிற பணம் ஏறியது. அதனால் கணக்கு முழுவதையும் புதிதாகப் போட்டு, அடியில் '2023 ஏப்ரல்: கட்டணமும் உதாரணமும் மாற்றப்பட்டன' என்று எழுதினேன்.

கொஞ்ச நாளில் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். "சார், நீங்க போட்ட கணக்கு தப்பு சார். கிரயத்துக்கு எழுபத்தி நாலாயிரம்தான் எடுத்து வச்சிருக்கேன், தொண்ணூறு ஆகும்ங்கிறாங்க" என்றார். பார்த்த பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வேறு ஏதோ ஒரு தளம். என் பதிவை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தார்கள், என் போன் நம்பர் உட்பட. எடுத்தது 2023-க்கு முன்னால், அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. என் பக்கத்தின் லிங்க்கை அனுப்பினேன். அடியில் இருந்த அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் மனிதர் அமைதியானார். அந்த வரி இல்லை என்றால், போன் வந்த பிறகு அவசரமாக மாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். காப்பியடித்தவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. கூகுளில் பதிப்புரிமைப் புகார் கொடுத்தேன், தேடலில் இருந்து அந்தப் பக்கம் போனது. உங்களுக்கும் நடக்கலாம், அந்தப் படிவத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தை 2025 ஏப்ரலிலும் திருத்தினேன். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தார்கள். பழைய பதிவை யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: கூகுளில் தேடி வருகிறவர் உங்கள் முகப்புக்கு வருவதில்லை, நேராகப் பழைய பதிவில்தான் வந்து இறங்குகிறார். அவர் அதை நம்பிப் பணம் புரட்டுகிறார். ஏஐ-யிடம் கேட்டால் நொடியில் எழுதித் தருமே என்பவர்களிடம் சண்டைக்கு வரவில்லை, எழுதட்டும். இந்த மாதக் கட்டணம் இதுதானா என்று அரசாணையோடு ஒத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அது நீங்கள்தான்.

  

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றால் பதிவின் லிங்க்கை ஆங்கில எழுத்தில் சின்னதாக நீங்களே கொடுங்கள். தமிழில் விட்டால் ஒவ்வொரு எழுத்தும் குறியுமே சதவீதக் குறியோடு ஒன்பது இடத்தைப் பிடிக்கும், தலைப்பு நீளமானால் பாதியில் வெட்டுப்படும். ஒருமுறை கொடுத்த லிங்க்கை மாற்றாதீர்கள், நீங்கள் ஏற்கெனவே மற்றவர்களுக்கு அனுப்பிய லிங்க் செத்துப்போகலாம். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தளம் செய்து கொடுத்த நிறுவனம் அதைத் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு, புதுப்பிக்கும் நேரத்தில் கேட்ட தொகையைக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று நின்றதை என் நண்பர் ஒருவர் அனுபவித்திருக்கிறார். சொத்து யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் யாராவது பணம் கொடுப்பார்களா?

பேக்கப்பை, தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்காரர் எடுக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். வேர்ட்பிரஸ் எக்ஸ்போர்ட் கோப்பில் படங்கள் வராது, அவற்றைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும்.